ஒன்பது வயது மகளுடன் முதல் புத்தக அலமாரி: எங்கிருந்து தொடங்குவது?

புதுப்பட்டறை (கேள்வி)

வணக்கம். எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகளும் ஐந்து வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். இருவரின் புத்தகங்களும் கட்டிலுக்கடியிலும் ஜன்னல் திண்டிலும் தரையிலுமாகக் குவிந்து கிடக்கின்றன. வரப்போகும் நீண்ட விடுமுறையில் அவற்றுக்கென ஓர் அலமாரியை நாமே செய்ய வேண்டும் என்று மகள் கேட்கிறாள். ஆயத்தமாக ஒன்றை வாங்கி வைப்பது எளிது. ஆனால் அலமாரியோடு, அதைச் செய்யும் நாட்களையும் சேர்த்துத்தான் அவள் கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்ததால் ஒப்புக்கொண்டேன்.

எனக்கு மரவேலைப் பழக்கம் கிடையாது. சுத்தியல், இரண்டு திருப்புளிகள், அளவு நாடா, மின்சார டிரில் ஆகியவை வீட்டில் உள்ளன. ஒரு முறை முயன்று தோற்றும் இருக்கிறேன். 12 மி.மீ. கனமும் 120 செ.மீ. நீளமும் கொண்ட பிளைவுட் பலகை ஒன்றை, இரு முனைகளிலும் எல் வடிவத் தாங்கிகளை வைத்துச் சென்ற ஆண்டு சுவரில் பொருத்தினேன். புத்தகங்களை அடுக்கிய சில வாரங்களிலேயே பலகை நடுவில் தொட்டிலைப் போல இறங்கிவிட்டது. நான்காவது மாதத்தில் ஒரு தாங்கியின் மேல் திருகாணி பிளாஸ்டிக் பிளக்கோடு சேர்ந்து வெளியே வந்து, பலகை ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. அந்நேரம் பிள்ளைகள் அறையில் இல்லை. இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணி அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அதனால்தான் இம்முறை கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்க விரும்புகிறேன். அந்தப் பலகையில் நான் செய்த பிழை என்ன? பழக்கமில்லாத ஒருவர் செய்யக்கூடிய, புத்தகப் பாரத்தைத் தாங்கக்கூடிய அலமாரி எப்படி இருக்க வேண்டும்? அதில் எந்தெந்த வேலைகளை மகளின் கையில் நம்பிக் கொடுக்கலாம்? நாங்கள் இருப்பது வாடகை வீடு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூலைமட்டம்

வணக்கம் நண்பரே. பலகை தோற்றதற்கான காரணங்களை முதலில் பார்த்துவிடுவோம்; அவை விளங்கிவிட்டால் புதிய அலமாரியின் வடிவத்தில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

புத்தகங்கள் நாம் எண்ணுவதைவிட மிகக் கனமானவை. ஒரு மீட்டர் நீளத்துக்கு நெருக்கி அடுக்கினால், அளவையும் தாளையும் பொறுத்து 20 முதல் 40 கிலோ வரை வந்துவிடும். இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்டு, நீளம் முழுவதும் பாரம் ஏற்றிய பலகையின் வளைவு, நீளத்தின் நான்காம் அடுக்கின்படி கூடும். கனத்தின் மூன்றாம் அடுக்கின்படி குறையும். அதாவது நீளம் இரு மடங்கானால் வளைவு 16 மடங்காகும். கனம் இரு மடங்கானால் வளைவு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். உங்கள் 120 செ.மீ. நீள, 12 மி.மீ. பலகையை, அதே வகையில் 60 செ.மீ. நீளமும் 18 மி.மீ. கனமும் உள்ள பலகையோடு ஒப்பிட்டால், முன்னதன் வளைவு ஏறத்தாழ 54 மடங்கு வருகிறது. இதற்கும் மேலாக, மரம் தொடர்ந்து பாரத்தைச் சுமக்கும்போது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இன்னும் இறங்கிக்கொண்டே போகும் இயல்புடையது. முதல் நாள் நேராகத் தெரிந்தது சில வாரங்களில் தொட்டிலானது இதனால்தான். தாங்கிகளை முனைகளில் வைக்காமல் இரு பக்கமும் 27 செ.மீ. அளவுக்கு உள்ளே தள்ளி வைத்திருந்தால், அதே பலகை எவ்வளவோ குறைவாக வளைந்திருக்கும்.

திருகாணி பிடுங்கிக்கொண்டதற்குக் காரணம் வேறு. தாங்கியின் முன்முனையில் பாரம் அழுத்தும்போது, அதன் கீழ்ப்பகுதி சுவரை நோக்கி அழுந்த, மேல் திருகாணி வெளிப்புறமாக இழுபடுகிறது. சுவரின் மேற்பூச்சு பெரும்பாலும் 10 முதல் 20 மி.மீ. வரைதான் இருக்கும். பிளக் அந்தப் பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டால் அதற்குப் பிடிமானமே இல்லை. பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள்ளோ கான்கிரீட்டுக்குள்ளோ முழுதாக இறங்கியிருக்க வேண்டும். துளையிட்ட பிறகு உள்ளே இருக்கும் தூளை ஊதியோ உறிஞ்சியோ வெளியேற்றாவிட்டாலும் பிளக் வழுக்கும்.

ஆகவே என் பரிந்துரை, சுவரில் தொங்கும் பலகையை விட்டுவிட்டுத் தரையில் நிற்கும் தாழ்ந்த அலமாரி ஒன்றைச் செய்யுங்கள் என்பதே. பாரம் முழுவதும் தரைக்கு இறங்கிவிடும். ஐந்து வயதுப் பிள்ளையும் தன் புத்தகத்தைத் தானே எடுத்து வைக்கலாம். வாடகை வீட்டை மாற்றும்போது தூக்கிக்கொண்டும் போகலாம். வெளி அளவு 600 மி.மீ. அகலம், 700 மி.மீ. உயரம், 250 மி.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 மி.மீ. பிளைவுட் போதும். மேற்பலகை, இரு பக்கப் பலகைகளின் தலையில் உட்காரும். அடித்தட்டும் நடுத்தட்டும் பக்கப் பலகைகளுக்கு இடையில் நுழையும். முதுகில் 6 மி.மீ. பிளைவுட் ஒரே துண்டாக வரும்.

இனி அளவுகளை நீங்கள் கணக்கிடாமல் மகளைக் கணக்கிடச் சொல்லுங்கள். மேற்பலகை 600. பக்கப் பலகை எவ்வளவு? 700 என்று சொல்லத் தோன்றும். ஆனால் தலையில் 18 மி.மீ. பலகை உட்காருவதால் 682. இடைத் தட்டுகள் 600 என்று தோன்றும். இரு பக்கமும் 18, 18 கழித்தால் 564. முதல் முறை செய்பவர்கள் இந்த 36 மி.மீட்டரைத்தான் மறப்பார்கள், நானும் மறந்து, நல்ல பலகை ஒன்றை வீணாக்கியிருக்கிறேன். ஆக, 250 மி.மீ. அகலத்தில் 600 ஒன்று, 682 இரண்டு, 564 இரண்டு. மொத்தம் 3,092 மி.மீ. நீளம். ரம்பம் ஒவ்வோர் அறுப்பிலும் தன் பல்லகலத்துக்கு, அதாவது 1 முதல் 3 மி.மீ. வரை, மரத்தைத் தூளாக்கிவிடும் என்பதால் சற்றுக் கூடுதலாகவே வாங்குங்கள். எல்லாக் கோடுகளையும் முன்கூட்டியே வரிசையாகப் போட்டுவிடாமல், ஒன்றை வரைந்து, அறுத்து, அதன் பிறகே அடுத்ததை அளந்து வரைய வேண்டும்.

பலகை வாங்கும் இடத்தில் இயந்திரத்தில் அறுத்துத் தருவார்கள் என்றால், தயங்காமல் அங்கேயே அறுத்து வாங்கிவிடுங்கள். நேரான, செங்கோணமான வெட்டு என்பது பல மாதப் பயிற்சியில் கைவருவது. முதல் அலமாரியின் வெற்றி தோல்வியை அதில் கட்டி வைக்க வேண்டியதில்லை. ஒரு சோடியாக வர வேண்டிய இரண்டு துண்டுகளும், அதாவது இரண்டு 682-களும் இரண்டு 564-களும், தமக்குள் துல்லியமாக ஒத்திருப்பதே முக்கியம். இரண்டு தட்டுகளும் 563 ஆக இருந்தால் அலமாரிக்கு ஒன்றும் ஆகாது. ஒன்று 564, மற்றொன்று 561 என்று இருந்தால் சட்டகம் கோணிக்கொள்ளும்.

இணைப்புக்கு வெள்ளை மரப்பசையும், 4 மி.மீ. தடிமனும் 50 மி.மீ. நீளமும் கொண்ட திருகாணிகளும் போதும். பிளைவுட்டின் விளிம்பில் நேரடியாகத் திருகாணியை ஏற்றினால் அடுக்குகள் பிளந்துவிடும். எனவே வெளிப்பலகையில் 4 மி.மீ. துளையும், அதைத் தாங்கும் பலகையின் விளிம்பில் 3 மி.மீ. துளையும் முதலில் இட வேண்டும். வெளிப்பலகையின் துளை திருகாணியின் தடிமனுக்குச் சமமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு: அங்கே மரை பற்றிக்கொண்டால், இரு பலகைகளுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளி எவ்வளவு திருகினாலும் மூடாது. டிரில் பிட்டில் தேவையான ஆழத்துக்கு நேராக ஓர் ஒட்டு நாடாவைச் சுற்றிவிட்டால், துளை வேண்டிய அளவோடு நிற்கும். துளைகள் விளிம்பிலிருந்து 9 மி.மீ. உள்ளே, அதாவது 18 மி.மீ. கனத்தின் நட்டநடுவில் வர வேண்டும். பலகையின் மூலைகளிலிருந்து 40 மி.மீ. தள்ளியே இருக்கட்டும்.

முதுகுப் பலகையை அழகுக்காக வைப்பது என்று சிலர் நினைத்து விட்டுவிடுகிறார்கள். முதுகில்லாத அலமாரியை ஒரு கையால் பக்கவாட்டில் தள்ளினாலே சாய்சதுரமாகச் சாயும். நாற்புறமும் பசையும் சிற்றாணியும் இட்டுப் பொருத்திய மெல்லிய முதுகு அந்த அசைவை முற்றாக நிறுத்திவிடும். தயவு செய்து அதை விட்டுவிடாதீர்கள்.

தூரிகை

நான் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டுக்கான பொருட்களைச் செய்து வருபவள். மூலைமட்டம் ஐயாவின் அளவுகளோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அலமாரிக்கு முன்னால் சிறியதாக வேறொன்றைச் செய்துவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையின் கை, கருவியின் எடையையும் மரத்தின் போக்கையும் அறிந்துகொள்ள ஒரு பலகை தேவை. அந்தப் பலகை பிழையானாலும் யாருக்கும் வருத்தம் வரக்கூடாது.

எங்கள் வீட்டில் அப்படித் தொடங்கியது உயரப் பலகை. ஏறத்தாழ 150 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் உள்ள ஒரே ஒரு பலகை; அதன் விளிம்பில் அளவு நாடாவை வைத்து ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சிறு கோடு, ஐந்துக்கு நடுத்தரக் கோடு, பத்துக்கு நீண்ட கோடும் எண்ணும். பலகையின் அடிமுனை தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் நிற்கப் போகிறது என்றால், முதல் எண் 50 என்று தொடங்க வேண்டும் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள். சுவரில் பென்சிலால் குறித்து வைப்பதை வீடு மாறும்போது எடுத்துச் செல்ல முடியாது. இந்தப் பலகையில் என் பிள்ளைகள் இருவரின் எட்டு ஆண்டு வளர்ச்சி இருக்கிறது. மூன்று வீடுகள் மாறியும் அது எங்களோடு வந்துகொண்டிருக்கிறது.

இதைச் செய்யும்போது அளவு நாடாவின் நுனியில் இருக்கும் கொக்கியை மகளுக்குக் காட்டுங்கள். அது லேசாக முன்னும் பின்னும் ஆடும். கழன்றுவிட்டது என்று எண்ணிச் சிலர் அதைத் தட்டி இறுக்கிவிடுவார்கள். உண்மையில் அந்த அசைவு, கொக்கியின் தகட்டுக் கனத்துக்குச் சமமாக வேண்டுமென்றே விடப்பட்டது. வெளிப்புறமாக மாட்டி இழுக்கும்போதும், உட்புறமாக முட்டி அளக்கும்போதும் ஒரே அளவு வர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. இதைக் கேட்ட நாளில் என் மகன் வீட்டில் இருந்த எல்லாப் பெட்டிகளையும் உள்ளும் புறமும் அளந்து தீர்த்தான்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஒன்பது வயதுப் பெண் அளக்கலாம், மூலைமட்டம் என்னும் செங்கோணக் கருவியை வைத்துக் கோடு போடலாம், உப்புத்தாளால் தேய்க்கலாம், பசை பூசலாம், நீங்கள் துளையிட்டுக் கொடுத்தால் திருகாணிகளைக் கைத்திருப்புளியால் ஏற்றலாம். திருகாணியின் மரையை மெழுகில் ஒரு முறை உரசிக் கொடுத்தால் பாதி வலிமையிலேயே உள்ளே இறங்கும். அவளால் முடிந்துவிட்டது என்ற மகிழ்ச்சி முகத்தில் தெரியும். டிரில்லும் ரம்பமும் உங்கள் கையில் இருக்கட்டும். முதுகுப் பலகையின் சிற்றாணிகளைத் தடித்த அட்டைத் துண்டு ஒன்றில் குத்திப் பிடித்துக்கொண்டு அடித்தால், சுத்தியல் தவறினாலும் விரலுக்கு எட்டாது. ஐந்து வயது மகனை விட்டுவிடாதீர்கள். திருகாணிகளை எண்ணிக் கிண்ணத்தில் போடுவது, வழிந்த பசையை ஈரத்துணியால் உடனே துடைப்பது, தேய்த்த இடத்தைக் கையால் தடவிச் சொரசொரப்பைக் கண்டுபிடித்துச் சொல்வது ஆகிய மூன்றும் உண்மையான வேலைகள். கடைசி வேலையில் சிறு பிள்ளைகளின் விரல்கள் நம்மைவிடக் கூர்மையானவை.

உப்புத்தாளின் முதுகில் இருக்கும் எண் சிறியதாக இருந்தால் தாள் முரடு, பெரியதாக இருந்தால் மென்மை. 80-இல் தொடங்கத் தேவையில்லை; பிளைவுட்டின் மேலடுக்கு மிக மெல்லியது, முரட்டுத் தாள் அதைத் தேய்த்து அடுத்த அடுக்கைக் காட்டிவிடும். 120 எண் தாளால் ஒரு முறையும் 180 எண் தாளால் ஒரு முறையும், ஒரு மரக்கட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல்கள் அப்போது தெரியாது. வண்ணம் பூசிய மறுநிமிடம் எல்லாம் வெளியே வரும். மூவருக்கும் கண்ணாடிக் கவசம், தேய்க்கும் நேரத்தில் முகக்கவசம். மகளின் கூந்தலைப் பின்னிக் கட்டிவிடுங்கள். தளர்ந்த துப்பட்டாவோ நீண்ட கையோ டிரில்லின் அருகே வரக்கூடாது.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். அவள் சலிப்படையும் முன்னரே நிறுத்தினால், மறுநாள் காலையில் அவளே வந்து உங்களை எழுப்புவாள்.

வைரமரம்

அளவுகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையோடு செய்யும் முதல் பொருளுக்கு ஏன் பிளைவுட்? மரத்தின் ரேகையும் மணமும் இழைப்புளியில் சுருண்டு விழும் சீவலும் பிளைவுட்டில் இல்லை. வைரம் பாய்ந்த பழைய பலகைகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. சரக்கு வந்து இறங்கும் மரத்தட்டுகளைப் பிரித்தாலும் செலவே இல்லாமல் நல்ல பலகைகள் கிடைக்கும். மரத்தைத் தொட்டு வளரும் பிள்ளைக்கு முழு மரத்தையே கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மூலைமட்டம்

வைரமரம் ஐயாவின் ஆசை எனக்கும் உண்டு. என் பட்டறையில் நான் பெரும்பாலும் முழு மரத்தில்தான் வேலை செய்கிறேன். ஆனால் முழு மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப அகலவாக்கில் விரிந்தும் சுருங்கியும் கொண்டே இருக்கும். நீளவாக்கில் அந்த மாற்றம் மிகச் சொற்பம். 250 மி.மீ. அகலப் பலகை ஒன்று ஈரக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர் வரை மாறக்கூடும். அதைப் பசையிட்டு அசையாமல் பூட்டினால் வெடிக்கும் அல்லது வளையும். அந்த அசைவுக்கு இடம் விட்டு இணைப்பதுதான் தச்சுக்கலையின் பாதி. பிளைவுட்டிலோ மெல்லிய மர அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்று குறுக்கு நெடுக்காக ஒட்டியிருப்பதால், ஓர் அடுக்கின் அசைவை அடுத்த அடுக்கு பிடித்து நிறுத்திவிடுகிறது. கற்றுக்கொள்பவருக்கு அது பெரிய நிம்மதி. உயரப் பலகையை வேண்டுமானால் முழு மரத்தில் செய்யட்டும். ஒற்றைப் பலகை என்பதால் அது தன் விருப்பப்படி விரிந்து சுருங்கலாம், மகளும் ரேகையைத் தொட்டுப் பார்க்கலாம்.

பழைய பலகைகளைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. அதை உப்புத்தாளால் தேய்த்தால் வரும் தூசு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். எப்போது பூசியது என்று தெரியாத வண்ணம் இருந்தால், அந்தப் பலகையைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தேய்க்கவே வேண்டாம். மற்றொன்று, நாடு விட்டு நாடு போகும் சரக்கு மரத்தட்டுகளில் ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்று இருந்தால் பூச்சிகளைக் கொல்ல வெப்பத்தால் பதப்படுத்தியது, எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு செலுத்தியது. இரண்டாவதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. முதலாவதிலும் எந்தச் சரக்கு சிந்தியிருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால், பிள்ளைகள் கை வைக்கும் பொருளுக்கு நான் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை.

பூச்சுக்கு நீரில் கரையும் வண்ணமே நல்லது. முதலில் பிரைமர், அது காய்ந்ததும் 180 எண் தாளால் லேசான ஒரு தேய்ப்பு, பிறகு மெல்லிய இரண்டு பூச்சுகள். தடிமனான ஒரே பூச்சு வழியும், உள்ளே காயாமலே தோல் கட்டும். பூச்சு தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே புத்தகங்களை அடுக்கிவிடாதீர்கள். முழுதாக இறுகாத வண்ணத்தில் அட்டைகள் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது கிழியும். குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் காத்திருங்கள். யாராவது ஆளி விதை எண்ணெயைப் பூசச் சொன்னால், அழகான பூச்சுதான். ஆனால் அந்த எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், காயும்போது உண்டாகும் வெப்பம் உள்ளேயே தேங்கித் தானாகத் தீப்பிடிக்கும். துணியை விரித்துத் தனியாகக் காயவிட வேண்டும், அல்லது நீரில் முக்கி வைக்க வேண்டும்.

மின்கம்பி

நான் மின்பணியாளர், சுவரைப் பற்றி மட்டும் ஒரு சொல். அலமாரி தரையில் நின்றாலும், அதன் மேற்புறத்தை ஓர் எல் தகட்டாலோ பட்டையாலோ சுவரோடு கட்டாயம் பிணைத்துவிடுங்கள். தட்டுகளைப் படிக்கட்டாக்கி ஏறுவது சிறுபிள்ளைகளின் இயல்பு. அப்படி ஏறும்போது 700 மி.மீ. உயர அலமாரியும் முன்னால் கவிழும். ஒரே ஒரு துளைதான். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்து, காலி செய்யும்போது சுவர்ப்பூச்சு மாவால் அடைத்துவிடலாம்.

அந்தத் துளையை எங்கே இடுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை. சுவருக்குள் ஓடும் மின்கம்பிகள் பெரும்பாலும் சுவிட்சுகளிலிருந்தும் பிளக் பாயிண்டுகளிலிருந்தும் நேர் மேலாகவோ, நேர் கீழாகவோ, நேர் பக்கவாட்டிலோ செல்லும். அந்தக் கோடுகளில் துளையிட வேண்டாம். பழைய கட்டடங்களில் கம்பி மூலைவாட்டாகவும் போயிருக்கக் கண்டிருக்கிறேன்; ஐயம் இருந்தால், கம்பியைக் கண்டறியும் சிறு கருவியை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். மின்கலத்தில் இயங்கும் டிரில் கிடைத்தால், அந்த அறையின் இணைப்பை நிறுத்திவிட்டே துளையிடலாம். சுவரின் மறுபுறம் குளியலறையோ சமையலறையோ இருந்தால் நீர்க்குழாயையும் நினைவில் கொள்ளுங்கள்.

புதுப்பட்டறை

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. உயரப் பலகை முடிந்துவிட்டது. 70-க்கும் 80-க்கும் இடையில் மகள் ஒரு கோட்டைக் கூடுதலாகப் போட்டுவிட்டாள். அதை அவளே கண்டுபிடித்து, மேலே உள்ள எல்லாவற்றையும் உப்புத்தாளால் அழித்துத் திரும்ப வரைந்தாள். நான் அந்தப் பிழையைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

பலகைகளை அறுத்து வாங்கி வந்து, இன்று மாலை அலமாரியின் சட்டகத்தைப் பசையும் திருகாணியும் இட்டுச் சேர்த்தோம். முதுகுப் பலகை இன்னும் வைக்கவில்லை. நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது போலத் தோன்றுகிறது. மூலைமட்டம் வைத்தால் ஒரு மூலையில் மயிரிழை இடைவெளி தெரிகிறது, அடுத்த மூலையில் தெரியவில்லை. பசை போட்டு அரை மணி நேரம் ஆகிறது. பிரித்துவிட வேண்டுமா?

மூலைமட்டம்

பிரிக்காதீர்கள்; நல்ல நேரத்தில் கேட்டீர்கள். வெள்ளைப் பசை முழு வலிமை பெற 24 மணி நேரம் ஆகும். இப்போது இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கும், அதனால் தாமதிக்க வேண்டாம். சட்டகத்தைச் சமமான தரையில் படுக்க வையுங்கள். எதிரெதிர் மூலைகளுக்கு இடையே இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். நான்கு பக்கங்களும் சரியான நீளத்தில் இருந்து, இரண்டு மூலைவிட்டங்களும் சமமாகவும் இருந்தால், நான்கு மூலைகளும் செங்கோணம்தான். மூலைமட்டத்தைவிட இந்தச் சோதனை நுட்பமானது. 600-க்கும் 700-க்கும் அது எவ்வளவு வர வேண்டும் என்று மகள் கணக்கிடட்டும்: 600-இன் வர்க்கம் 3,60,000; 700-இன் வர்க்கம் 4,90,000; கூட்டுத்தொகை 8,50,000; அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 922.

நீளமாக இருக்கும் மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் ஒன்றை நோக்கி ஒன்றாக அழுத்த வேண்டும். நீண்ட கிளாம்ப் இல்லாவிட்டால், அந்த இரு மூலைகளையும் சுற்றிக் கயிற்றைக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். வித்தியாசத்தில் பாதியளவுக்கு நீண்டது குறைந்தாலே போதும். மறுபாதியைக் குட்டையானது தானாக நீண்டு ஈடுசெய்யும். சமமானவுடன் முதுகுப் பலகையைப் பசையிட்டு வைத்து, முதலில் நான்கு மூலைகளிலும் ஆணி அடித்து, மறுபடி அளந்து சரிபார்த்துவிட்டு மற்ற ஆணிகளை அடியுங்கள். முதுகு செங்கோணமாக வெட்டப்பட்டிருந்தால் சட்டகத்தை அதுவே நிலைநிறுத்திவிடும். கயிற்றை நாளை மாலைவரை அவிழ்க்க வேண்டாம்.

புதுப்பட்டறை

ஐயா, ஒன்று 926, மற்றொன்று 918 இருந்தது. வர்க்கமூலம் அவளுக்கு இன்னும் பாடத்தில் வரவில்லை. அதனால் 920-ஐ 920-ஆல் பெருக்கி, பிறகு 921, 922 என்று ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பார்த்துத் தானே கண்டுபிடித்தாள். மகன் குச்சியைப் பிடித்துக்கொள்ள, நான் கயிற்றை முறுக்க, அவள் நாடாவைப் பார்த்துக்கொண்டே 925, 924, 923 என்று எண்ணிச் சொல்லி, 922 வந்ததும் நிறுத்தச் சொன்னாள். மறுபக்கத்தை அளந்தோம், அதுவும் 922. முதுகின் 28 சிற்றாணிகளில் 20-ஐ அட்டைத் துண்டை வைத்து அவளே அடித்திருக்கிறாள். இரண்டு வளைந்துவிட்டன, பிடுங்கி, சற்றுத் தள்ளி வேறு அடித்துவிட்டோம்.

கயிற்றோடு அலமாரி இப்போது கூடத்தில் படுத்திருக்கிறது. நாளை 180 எண் தாள், அதன் பிறகு பிரைமர். கனமான புத்தகங்கள் அடித்தட்டில் வந்தால் கவிழாமல் நிற்கும் என்று சொன்னதும், எந்தப் புத்தகம் எங்கே என்று இருவரும் பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டார்கள். சுவரோடு பிணைக்கும் தகட்டையும் வாங்கி வைத்துவிட்டேன். அந்தச் சுவரில் இருக்கும் சுவிட்சுக்கு நேர் கீழே வராதபடி இடத்தையும் குறித்திருக்கிறோம்.